ஓட்டத் தெரிந்தால் போதுமா? நிறுத்தத் தெரிய வேண்டாமா?



சம்பளம், வீடு, மருத்துவம், பள்ளிக்கூடம் என்று எழுதப்படும் இப்பக்கத்தில், இம்முறை மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பற்றியும் கியரைப் பற்றியும் எழுதப் புகுந்திருக்கிறோம். "இது சங்கப் பத்திரிகைக்கு உரிய விஷயமா? மோட்டார் கடைக்காரர் சொல்ல வேண்டியதல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை.

பால் வெட்டும் தொழிலாளியின் மூலதனம் என்ன? இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண். வேறொன்றும் இல்லை. கை முறிந்தவன் கத்தி பிடிக்க முடியாது. கால் முறிந்தவன் மேட்டுக் காட்டில் நிரை ஏற முடியாது. பேச்சுவார்த்தை மேசையில் மாதக் கணக்கில் வாதாடி நாம் பெறுகிற சம்பள உயர்வை, ஒரு சறுக்கல் ஒரே விநாடியில் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. இதைவிடச் சங்கத்துக்கு உரிய விஷயம் வேறு எது?

மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் மாண்டுபோகிறவர்களில், பத்துப் பேருக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். காரில் சென்றவர்களும் லோரியில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும் சேர்ந்து மீதிப் பேர். கப்சாய் மோட்டாரில் போகிறவன் யார்? தோட்டத்துப் பாட்டாளி, தோட்டத்தில் குடியிருந்துகொண்டு பட்டணத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் அவனுடைய மகன், மகள். சாலையில் சிந்துகிற ரத்தத்தில் பெரும்பகுதி ஏழையின் ரத்தம் என்று சொன்னால் அது மிகையாகாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1973-இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள். 1992-இல் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இரண்டும் நல்ல சட்டங்கள். பல உயிர்களைக் காத்தவை. ஆனால் தலைக்கவசம் மண்டையைக் காக்கும். விளக்கு நம்மைப் பிறர் கண்ணுக்குக் காட்டும். வண்டியை நிறுத்துவது இவ்விரண்டும் அல்ல. அது நமது கையும் காலும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை நமக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் என்னும் கருவியை, 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 முதல் கட்டாயமாக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் லயத்து வாசலில் நிற்கும் நமது கப்சாய் மோட்டார்கள் பெரும்பாலும் 100 சிசி, 110 சிசி, 125 சிசி. அந்தக் கருவி நம்மிடம் வரும்வரை நமது விரலும் பாதமுமே நமக்கு ஏபிஎஸ்.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிற நமக்கு ஒன்று தெரியும். ஒரு பெயருக்கு நேரே வரிசையாக மருத்துவ விடுப்பு விழும். விபத்து அறிக்கையில், காரணம் என்ற இடத்தில் "வேகம்" என்ற ஒரு சொல் விழும். அதோடு கோப்பு மூடப்படும். சாலை எப்படி இருந்தது? மழை பெய்ததா? பின்னால் எத்தனை தோம்பு பால் இருந்தது? பிரேக் கட்டையில் தேய்மானம் எவ்வளவு? இவற்றை யாரும் கேட்பதில்லை. வேகம் ஒரு காரணம்தான்; மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றே காரணம் அன்று.

பால் அதிகாலையில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகவே நாம் இருட்டோடு புறப்படுகிறோம். முன்பு தோட்டத்து லோரி வந்து ஏற்றிப்போன காலம் உண்டு. இப்போது பல தோட்டங்களில் தொழிலாளி தன் சொந்த மோட்டாரில், தன் சொந்தப் பெட்ரோலில் பெரட்டுக்குப் போகிறான், காட்டுக்குப் போகிறான், பாலையும் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வருகிறான். வழியோ செம்மண். பனி, ஈர இலை, லோரி கொட்டிய சரளை, சிந்திய பால் எல்லாம் அதன்மேல். இந்த வழியில் நிறுத்தும் கலை தெரியாமல் ஓட்டுவது, கத்தி பிடிக்கத் தெரியாதவனை நல்ல மரத்தில் விடுவது போல.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர், அதாவது 55 அடி ஓடுகிறது. மரத்துக்கு மரம் பத்தடி என்று வைத்துக்கொண்டால், ஐந்து மரம் தாண்டிவிட்டது. எதிரே மாடு நிற்பதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைத் தொடுவதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிவிடும். பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். வேகம் இரட்டித்தால் நிற்க வேண்டிய தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 30-இல் பிரேக் பிடித்து 7 மீட்டரில் நிற்கிற வண்டிக்கு, அதே சாலையில், அதே பிடியில், 60-இல் 28 மீட்டர் வேண்டும். அந்த ஒரு விநாடியையும் சேர்த்தால், 30-இல் போகிறவன் 15 மீட்டரில் நிற்பான். 60-இல் போகிறவனுக்கு 45 மீட்டர் ஆகும். இந்தக் கணக்கை எந்தத் துரையும் மாற்ற முடியாது. எந்தச் சங்கமும் பேசிக் குறைக்க முடியாது.

அடுத்து, நம்மிடையே பரவிக்கிடக்கும் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும், பின் பிரேக் போதும்" என்று அண்ணன் தம்பிக்குச் சொல்கிறான், அப்பா பிள்ளைக்குச் சொல்கிறார். இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கெடுதல்.

காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தவர்களுக்குத் தெரியும். திடீரென்று நின்றால் பால் எந்தப் பக்கம் தளும்பும்? முன்பக்கம். மோட்டாரும் அப்படித்தான். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரமும் நமது பாரமும் முன் சக்கரத்தின் மேல் சாய்கின்றன. முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயர் இலேசாகிறது. ஆகவே காய்ந்த நல்ல சாலையில் வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவன் தன் பலத்தில் சிறு பங்கைக் கொண்டு பெரிய வேலையைச் செய்யப் பார்க்கிறான். இன்னும் ஓங்கி மிதித்தால் இலேசான பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பாம்பைப் போல் நெளியும். வண்டி நிற்காது, படுக்கும்.

அப்படியானால் முன் பிரேக் தள்ளிவிடுவது எதனால்? பிடிப்பதால் அன்று, பறித்து இழுப்பதால். பாரம் முன்னே சாய்வதற்கு ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தைக் கொடுக்காமல் வெடுக்கென்று இழுத்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிவது போல மெதுவாகத் தொடங்கி, வரவர அழுத்த வேண்டும். பட்டையில் கத்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்று நமது கைக்குத் தெரியுமல்லவா? மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம். அந்த நிதானம் உள்ள கைக்கு முன் பிரேக் பிடிக்கத் தெரியாமல் போகாது. பழக வேண்டும், அவ்வளவுதான்.

முறை இது: முதலில் எண்ணெயைக் குறை. இரண்டு பிரேக்கையும் சேர்த்து இலேசாகத் தொடு. பாரம் முன்னே சாய்ந்ததும் முன் பிரேக்கை மேலும் மேலும் அழுத்து. பார்வை தொலைவில் இருக்கட்டும். முன் சக்கரத்தைப் பார்க்காதே. முன் சக்கரம் சறுக்கினால் உடனே விட்டு, மறுபடி மெதுவாகப் பிடி. பின் சக்கரம் சறுக்கினால் கைப்பிடியை நேராக வைத்து, காலின் அழுத்தத்தைத் தளர்த்து. வளைவில் புகுந்தபின் பிரேக் பிடிக்காதே. வளைவுக்கு முன், வண்டி நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடு.

செம்மண்ணிலும் சரளையிலும் ஈர இலையிலும் கணக்கு சற்று மாறும். அங்கே டயருக்குப் பிடிமானம் குறைவு. முன் பிரேக்கை மிக மென்மையாகத் தொட்டு, பின் பிரேக்குக்குக் கூடுதல் பங்கு கொடுத்து, மீதியை இஞ்சினிடம் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்கூட்டியே மெதுவாகப் போக வேண்டும். தண்ணீர் தேங்கிய பள்ளத்தைக் கடந்து வந்தால் டிரம் பிரேக் சிறிது நேரம் சரியாகப் பிடிக்காது. கடந்தவுடன் மெல்ல ஓட்டிக்கொண்டே இலேசாகப் பிடித்துப் பிடித்து உலர்த்திவிட்டு வேகம் எடுப்பது அறிவுடைமை.

இனி கியரைப் பற்றி. கப்சாய் மோட்டாரில் கைக் கிளட்ச் இல்லை என்பதால், கிளட்சே இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. இருக்கிறது. கியர் பெடலை மிதிக்கும்போது அது விடுபடுகிறது; காலை எடுக்கும்போது பிடித்துக்கொள்கிறது. நான்காம் கியரில் வேகமாகப் போய்க்கொண்டே குதிகாலால் டக்கு டக்கென்று அடித்து இரண்டுக்கு இறக்கினால் என்ன ஆகும்? சக்கரம் வேகமாகச் சுழல்கிறது. இஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் மோதுகின்றன. பின் சக்கரத்தில் திடீர் பிரேக் போட்டது போலாகும். மழைச் சாலையில் அந்த ஒரு உதைப்பே வண்டியைப் படுக்க வைக்கப் போதும். சங்கிலியும் கிளட்சும் பல்சக்கரமும் தேய்வது தனி நஷ்டம்.

சரியான முறை: முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறை. பிறகு ஒரு கியர் மட்டும் இறக்கு. பெடலை மிதித்த நிலையிலேயே ஒரு கணம் வைத்து, எண்ணெயைச் சற்றே திருகி இஞ்சினை எழுப்பி, காலை மெதுவாக எடு. உதைப்பு இல்லாமல் கியர் உட்காரும். வேகம் இன்னும் குறைந்தபின் அடுத்த கியர். நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு; படிக்கட்டில் இறங்குவது போல, ஒவ்வொரு படியாக. கைக் கிளட்ச் உள்ள வண்டியிலும் இதே விதிதான்; காலுக்குப் பதில் இடது கை மெதுவாக விட வேண்டும்.

மேட்டுக் காட்டிலிருந்து பால் ஏற்றி இறங்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்த கியரில் அந்த மேட்டை ஏற வேண்டியிருக்குமோ, அந்த கியரில்தான் இறங்க வேண்டும். அதை உச்சியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். பாதி இறக்கத்தில் தேடக்கூடாது. இஞ்சின் பிடித்து இழுக்கும். பிரேக் துணை செய்யும். அப்படியில்லாமல் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, சிலர் இஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். மிச்சமாவது சில காசுகள். போவது என்ன? இறக்கம் முழுவதும் பிரேக் ஒன்றே பாரத்தைத் தாங்குவதால் டிரம் சூடேறி, பிடி தளர்ந்து, அடியில் திருப்பம் வரும்போது மிதித்தாலும் நிற்காது. பழைய மோட்டார்கள் பலவற்றில் இஞ்சின் அணைந்தால் முன்விளக்கும் அணைந்துவிடும். விடியற்காலை இருட்டில் விளக்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் உண்டு. இஞ்சினால் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னே லோரி வருமானால், பிரேக்கை இலேசாகத் தொட்டு விளக்கைக் காட்டிவிட வேண்டும்.

பின்னால் பால் தோம்பு, முன்னால் பிள்ளை என்று ஏற்றிப் போகிறவர்கள், வெறும் வண்டி நிற்கிற தூரத்தில் இதுவும் நிற்கும் என்று எண்ணக்கூடாது. அரைகுறையாக நிரம்பிய தோம்பில் பால் தளும்பி, நிற்கும் வண்டியையும் தள்ளும். மூடியை இறுக்கி, தோம்பை அசையாமல் கட்டி, பாரம் கூடினால் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு நிமிடம் போதும். பின் பிரேக் பெடல் ஓர் அங்குலம் அளவு இறங்கியதும் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கம்பியின் முனையில் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில் பிரேக் கையருகே ஓர் அம்புக்குறி உண்டு. அழுத்தி மிதிக்கும்போது அது எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள், மாற்றியாக வேண்டும். டயரில் கோடு இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று விரலால் பார்த்துக்கொள்ள வேண்டும். கத்தியைத் தினமும் தீட்டுகிற நமக்கு இது பெரிய வேலையா?

"இருபது வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கா சொல்கிறாய்?" என்று சில மூத்த தோழர்கள் கேட்பார்கள். ஐயா, நீங்கள் இருபது வருஷமாக ஓட்டுகிறீர்கள், மறுக்கவில்லை. உயிர் தப்ப வேண்டிய அந்த ஒரு நிறுத்தத்தை எத்தனை முறை பழகியிருக்கிறீர்கள்? பழகாத கை ஆபத்தில் பழைய வழக்கத்தையே செய்யும். பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்.

இதுவரை சொன்னது தொழிலாளியின் கடமை. நிர்வாகத்தின் கடமை எங்கே? தோட்டத்துச் சாலை தோட்டத்தின் சொத்து. அதில் பள்ளம் விழுந்தால் மூட வேண்டியது யார்? சாலையோரக் கால்வாய் அடைபட்டுச் செம்மண் குழம்பானால் வெட்டிவிட வேண்டியது யார்? தோட்டத்து வழி பெரிய சாலையைத் தொடும் முனையில் சரளை சிதறிக் கிடந்தால், அங்கே விளக்கு இல்லாமல் இருட்டிக் கிடந்தால், அது தொழிலாளியின் வேகத்தின் குற்றமா? தோட்டத்தின் பாலைச் சுமந்து வருகிற மோட்டார், தோட்டத்து வேலைக் கருவி அல்லவா? கருவி தேய்ந்தால் செலவு யாருடையது? இக்கேள்விகளை நாம் கேட்டே தீருவோம். ஆனால் நமது பிரேக் கட்டையை நாமே பார்க்காமல் இருந்துவிட்டுக் கேட்டால், கேள்வியின் பலம் பாதியாகக் குறையும்.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே பயணம் செய்யும்போது நேரும் விபத்தும் வேலை விபத்தாகவே கொள்ளப்படும். வேறு சொந்தக் காரியத்துக்காக வழி மாறிப் போனால் அந்த உரிமை கைவிட்டுப் போகக்கூடும். ஆகவே உடனே போலீசில் புகார் செய்யுங்கள், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், ஆபீசுக்குத் தெரிவியுங்கள். தெரிந்துகொண்ட 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பாரத்தை மேசையில் தூங்க விடாதீர்கள். உங்கள் பேனா ஒரு நாள் தாமதித்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு பல நாள் தாமதிக்கும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து நம்மோடு நிரையில் நிற்கும் அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதும் நாமே.

முடிவாக நமது யோசனைகள். ஒவ்வொரு கிளையும் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, தோட்டத்துத் திடலில் பழக்க வகுப்பு நடத்தட்டும். இரண்டு கோடு போட்டு, 20-இல் வந்து நிற்கவும், 30-இல் வந்து நிற்கவும், ஒவ்வொரு கியராக இறக்கவும் பழகட்டும். பெண் தோழர்களும் வரட்டும். மோட்டார் ஓட்டிக் காட்டுக்குப் போகிறவர்களில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். மோட்டார் பழுது பார்க்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் அன்று எல்லா வண்டிகளின் பிரேக்கையும் பார்க்கட்டும். பழுதுபட்ட சாலை, இருண்ட முனை, அடைபட்ட கால்வாய் ஆகியவற்றைக் கிளைச் செயலாளர் எழுத்து மூலம் நிர்வாகத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கட்டும். பால் சுமக்கும் மோட்டாருக்குப் பிரேக் கட்டை, டயர்ச் செலவில் பங்கு கேட்டு, அடுத்த பேச்சுவார்த்தையில் ஒரு கோரிக்கை வைக்கட்டும்.

வேலை நிறுத்தம் செய்யத் தெரிந்த வர்க்கம் நாம். வண்டியை நிறுத்தவும் கற்றுக்கொள்வோம். வரும் ஞாயிறே தொடங்குவோம்.